கொள்ளுத்தாத்தாவைத் தேடுமுன் அவர் குடியிருந்த தெருவைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் அப்பாவின் தாத்தா சேலம் குகைப் பகுதியில் தறி போட்டிருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார், தோட்டத்துத் துரை அவருக்கு ஒரு குதிரை கொடுத்தார், கடைசியில் 'பெரிய காய்ச்சலில்' போய்விட்டார் என்று என் அத்தை சொல்கிறார். கையில் இருப்பது ஒரு பழைய கிரயப் பத்திரம், அட்டையில் ஒட்டிய ஒரு போட்டோ, பேர் வெட்டிய ஒரு பித்தளைக் குடம். குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போட ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்:

கையில் இருப்பது குறைவு என்று நினைக்காதீர்கள். பல வீடுகளில் பழைய பத்திரத்தை எப்போதோ அடமானத்துக்குக் கொடுத்துவிட்டு அது எங்கே போனது என்றே தெரியாமல் இருப்பார்கள். பித்தளையை எவர்சில்வருக்கு மாற்றியிருப்பார்கள். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது, நினைவோடு ஒரு அத்தையும் இருக்கிறார். காகிதம் இன்னும் சில வருஷம் காத்திருக்கும். அதனால் முதல் வேலை அத்தையோடு உட்கார்ந்து பேசுவது.

அதிலும் ஒரு விஷயம். "தாத்தாவைப் பத்திச் சொல்லுங்க அத்தை" என்று கேட்டால் குதிரைக் கதைதான் மறுபடி வரும். ஆளைப் பற்றிக் கேட்காமல் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். தறி வீட்டில் எந்தப் பக்கம் இருந்தது? தரையில் குழி வெட்டிப் போட்ட குழித்தறியா? பாவு ஓட்ட, அதாவது நெசவுக்கான நீள நூலை நீட்டி விரிக்க, எந்தப் பாவடிக்குப் போவார்கள்? நூல் யாரிடம் வாங்கினார்கள், நெய்த துணியை யார் எடுத்துக்கொண்டார்? இடது பக்கத்து வீட்டில் யார், வலது பக்கத்தில் யார்? பெண் எடுத்த ஊர்கள் எவை, கொடுத்த ஊர்கள் எவை? குலதெய்வத்துக்குப் போகும்போது வழியில் யார் வீட்டில் சோறு? இந்தக் கேள்விகளுக்குப் பெரியவர்கள் யோசிக்காமலே பதில் சொல்வார்கள். பதிலில் வரும் ஒவ்வொரு பேரும் ஊரும் பிறகு காகிதத்தில் தேடும்போது உங்களுக்கு அடையாளம். போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனை அவர் கண்ணெதிரே நீட்டாதீர்கள், பேச்சு நின்றுவிடும்.

இப்படிச் சுற்றி வளைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தங்கள் முன்னோரைத் தேடும்போது முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளைப் பார்ப்பார்கள். வீட்டில் யார் யார், வயது என்ன, தொழில் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். நம் ஊரிலும் 1871-லிருந்து கணக்கெடுப்பு நடக்கிறது, ஆனால் வீடுவீடாக எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. கூட்டிய எண்கள்தான் மிச்சம். நம்மிடம் தங்கிய காகிதமெல்லாம் நிலம், வரி, கடன், வழக்கு இந்த நான்குக்காக எழுதியவை. மனிதர்கள் அவற்றில் ஓரமாக வந்துபோவார்கள்: பக்கத்து வீட்டுக்காரராக, சாட்சியாக, கடன் பாக்கி வைத்தவராக. பேரை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். தெரு, காலம், சுற்றி இருந்தவர்கள் இந்த மூன்றும் இருந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

பேரை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம். பெருமாள் மகன் கந்தசாமி, கந்தசாமி மகன் பெருமாள், அவர் மகன் மறுபடி கந்தசாமி. 1890-இல் 'பெருமாள் குமாரர் கந்தசாமி' என்று ஒரு பத்திரம், 1940-இல் அதே 'பெருமாள் குமாரர் கந்தசாமி' என்று இன்னொரு பத்திரம். இரண்டு பேரையும் ஒருவராக்கி, ஒரே மனிதருக்கு இரண்டு ஆயுள் கொடுத்த குடும்பப் புத்தகங்களை நான் படித்திருக்கிறேன். மனைவி பேர், வீட்டின் எல்லை, வயது இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஒரு காகிதத்தை 'இது நம்ம தாத்தாதான்' என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.

சரி, இப்போது கிரயப் பத்திரத்தை எடுங்கள். பெரும்பாலோர் சொத்து, தொகை, தேதி மூன்றையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கஷ்டமாக இருந்தாலும், முதல் வரியிலிருந்து பின்பக்கத்துக் கடைசி ரேகை வரை வரிவரியாக ஒரு நோட்டில் நகல் எடுங்கள். கை எழுதும்போதுதான் கண் நிற்கும்.

அந்தக் காலத்துப் பத்திரம் ஏறக்குறைய இப்படித் தொடங்கும்: 'சேலம் டவுன் குகை இன்ன தெருவிலிருக்கும் இன்னார் குமாரர் நெசவு ஜீவனம் இன்னாருக்கு, மேற்படி ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் வியாபாரம் ஜீவனம் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்...' தகப்பன் பேர், தெரு, தொழில் எல்லாம் முதல் மூச்சிலேயே வந்துவிடுகிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு என்ன ஜீவனம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நெசவு என்றிருந்தால் அந்தத் தேதிக்கு அவர் இன்னும் மலை ஏறவில்லை, அல்லது ஏறி இறங்கிவிட்டார் என்று ஒரு ஊகம் கிடைக்கும். ஊகம்தான், பத்திரம் எழுதுபவர் பரம்பரைத் தொழிலையே போட்டுவிடுவதும் உண்டு. ஏற்காட்டில் வசிப்பதாகவோ உத்தியோகம் என்றோ ஒரு சொல் இருந்தால் உங்கள் அத்தையின் கதைக்கு முதல் காகித ஆதாரம் அதுதான்.

அடுத்தது பணம் கை மாறிய விதம். விலை 300 ரூபாய் என்று போட்டிருந்தால் முந்நூறும் ரொக்கமாகக் கொடுத்தார் என்று எழுதிவிடாதீர்கள். 'மேற்படி தொகையில் நான் இன்னாருக்குக் கொடுக்கவேண்டிய பிராமிசரி நோட்டு வகையில் இவ்வளவு, அடமான வகையில் இவ்வளவு தங்களைச் செலுத்தச் சொல்லி, ரொக்கம் இவ்வளவு பெற்றுக்கொண்டேன்' என்று போகும் அந்த நீளமான வாக்கியம்தான் பத்திரத்தின் உயிர். விற்றவர் ஏன் விற்றார், யாருக்குக் கடன்பட்டிருந்தார், தெருவில் வட்டிக்குக் கொடுத்தவர் யார் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் ஆள் வாங்கியவரா விற்றவரா என்பதைப் பொறுத்து அது அவர் வாழ்க்கையின் நல்ல வருஷமா கெட்ட வருஷமா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் நான்கெல்லை. 'கிழமேல் வீதிக்கும் வடக்கு, இன்னார் வீட்டுக்கும் கிழக்கு, இன்னார் காலி மனைக்கும் மேற்கு, சந்துக்கும் தெற்கு, இதற்குள்பட்ட கிழமேல் அடி இவ்வளவு தென்வடல் அடி இவ்வளவு' என்று வருவதில், அத்தை சொன்ன பக்கத்து வீட்டுப் பேர்கள் இருக்கின்றனவா? இருந்தால் வீடு அதுதான். அத்தை சொன்ன பேர் இல்லாமல் அந்தப் பேரின் தகப்பன் பேர் இருந்தாலும் நல்லதே. ஒரு தலைமுறை முந்தைய பத்திரம் உங்கள் கையில் இருக்கிறது. அடிக்கணக்கை வைத்துத் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். அந்த அகலத்தில் ஒரு குழித்தறி போட்டு மிச்ச இடத்தில் எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டால், புத்தகத்துக்கு ஒரு பக்கம் தானாக வரும்.

கடைசியில் சாட்சிக் கையெழுத்துகள். சாட்சி போட்டவர்கள் அநேகமாக மைத்துனர், பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர். யாரும் வழிப்போக்கரைக் கூப்பிட்டுச் சாட்சி போடச் சொல்வதில்லை. முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் அதை விற்ற வெண்டரின் குறிப்பும், பதிவு அலுவலகத்தில் யார் தாக்கல் செய்தார், யார் அடையாளம் காட்டினார் என்ற குறிப்பும் இருக்கும். உங்கள் கொள்ளுத்தாத்தா கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, பெருவிரல் ரேகை வைத்திருக்கிறாரா? கணக்கப்பிள்ளை என்று சொல்கிறீர்கள். கையெழுத்தில்லாமல் ரேகை மட்டும் வைத்திருந்தால் கதையை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். கையெழுத்து இருந்தால் அதைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். எழுதிய தேதியும் பதிவான தேதியும் வேறாக இருந்தால் குழம்பாதீர்கள். எழுதி நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவரலாம் என்பது சட்டம்.

பத்திரத்தில் ஆவண எண், ஆண்டு, புத்தகம், வால்யூம், பக்கம் எல்லாம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம். வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் 1975-லிருந்துதான். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டு, வருஷக் கணக்கில் தேடுதல் கட்டணம் கட்டி, அலுவலகத்து அட்டவணைப் புத்தகங்களில் பார்க்கச் சொல்ல வேண்டும். அட்டவணை இரண்டு விதம்: ஒன்று ஆட்களின் பேர்ப்படி, இன்னொன்று சொத்துப்படி. வில்லங்கம் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொத்து அட்டவணையைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்குப் பேர் அட்டவணையும் வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். ஏனென்றால் அவர் வாங்கிய வீடு ஒன்றாக இருக்கலாம், ஆனால் அடமானம், பாகப் பிரிவினை, தானம் என்று வேறு நான்கு இடத்தில் பேர் வந்திருக்கலாம். பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்று சிக்கினால் அதிர்ஷ்டம்: அண்ணன் தம்பி அத்தனை பேரும், வயதும், இறந்தவர்களின் வாரிசுகளும், சிலசமயம் பித்தளைப் பாத்திரக் கணக்கும்கூட இருக்கும். சேலத்தில் பதிவு அலுவலகங்கள் காலப்போக்கில் பலவாகப் பிரிந்திருக்கின்றன. குகைப் பகுதியின் அந்த வருஷத்துப் புத்தகங்கள் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். ஊரில் வயதான பத்திர எழுத்தர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், பாதி நாள் மிச்சமாகும்.

'பெரிய காய்ச்சல்' என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது 1918-இன் விஷக்காய்ச்சல், இன்ஃப்ளுயென்சா. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் ஆட்களைக் கொண்டுபோன காய்ச்சல் அது. சென்னை மாகாணத்தில் அது உச்சத்தில் இருந்தது அக்டோபர், நவம்பர் மாதங்களில். தமிழ்க் கணக்கில் காளயுக்தி வருஷம், ஐப்பசி. உங்கள் வீட்டில் அவருக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இருந்தால், எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று அத்தைக்கோ ஐயருக்கோ தெரிந்திருக்கும். வருஷம் மறந்துபோகும், திதி மறப்பதில்லை. ஐப்பசி அல்லது கார்த்திகைத் திதியாக இருந்தால் ஊகம் பலப்படும். ஆடி மாதத் திதி என்றால் வேறு காய்ச்சலாக இருக்கலாம். ஏனென்றால் அந்தக் காலத்தில் மலையடிவாரத்து மலேரியாவும் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது, பிளேக்கும் சேலத்துக்கு வந்து போனது. எல்லாவற்றுக்கும் வீட்டில் வைத்த பேர் காய்ச்சல்தான். திதியும் வருஷமும் கிடைத்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதியே கண்டுபிடித்துவிடலாம்.

அந்தத் தேதியோடு இறப்புப் பதிவேட்டுக்குப் போங்கள். சேலம் 1866-லேயே நகராட்சி ஆன ஊர். பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று சென்னை மாகாணத்தில் 1899-இல் சட்டம் வந்தது. குகையில் இறந்திருந்தால் நகராட்சிப் பதிவு, அது இப்போதைய மாநகராட்சியின் பொறுப்பு. மலைமேல் இறந்திருந்தால் கிராம முன்சீப் எழுதி அனுப்பிய பதிவு, அதைத் தாலுகா வழியாகத் தேட வேண்டும். இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை என்று குறுகலாகக் கேளுங்கள். இறந்த காரணம் என்ற கட்டத்தில் காய்ச்சல் என்று மட்டும் இருந்தால் ஏமாற வேண்டாம். தெரியாத நோய்க்கெல்லாம் அதைத்தான் எழுதினார்கள். பிறப்புப் பதிவில் இன்னொரு தொல்லை: குழந்தைக்குப் பேர் வைக்குமுன் எழுதிவிடுவதால் 'ஆண்', தகப்பன் இன்னார் என்று மட்டும் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுப் பிறந்த தேதியை நம்பவே வேண்டாம். வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டதுதான் அதிகம்.

பெரியவர்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். அதற்காக ஒரு சேலத்துக் காலவரிசையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாது வருஷப் பஞ்சம் 1876-78; சேலம் ஜில்லாவில் 1871-இல் 19.67 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1881-இல் 16 லட்சத்துக்கு இறங்கிவிட்டது, அவ்வளவு கொடுமை. சேலம் கலகம் 1882. மேட்டூர் அணை வேலை தொடங்கியது 1925, முடிந்தது 1934. கள்ளுக்கடை மூடியது 1937 அக்டோபர் 1. மாகாணத்திலேயே மதுவிலக்கு முதலில் வந்தது நம் ஜில்லாவில்தான். சேலம் ஜெயில் துப்பாக்கிச் சூடு 1950 பிப்ரவரி 11. 'கள்ளுக்கடை மூடினப்ப எங்க அப்பாவுக்கு மீசை முளைக்கலை' என்று அத்தை சொன்னால் பிறந்த வருஷம் ஏறக்குறைய வந்துவிட்டது.

இனி மலைக்கு வருவோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர் காக்பர்ன், 1820களில் சேலம் கலெக்டராக இருந்தவர். அங்கிருந்து நூறு வருஷத்துக்கு மேல் வெள்ளைக்காரத் தோட்டங்கள். துரைமார்களைப் பற்றித் தேடுவது மிகச் சுலபம், அவர்களிடம் வேலை செய்தவர்களைத் தேடுவது மிகக் கஷ்டம். இந்த வித்தியாசத்தை நாம் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டியதுதான். எந்தத் தோட்டம் என்று அத்தைக்குத் தெரிந்தால் போதும். அசைலம் பிரஸ் ஆல்மனாக் என்று சென்னையில் வருஷா வருஷம் அச்சான பட்டியல் நூல்களில் தோட்டங்களும் அவற்றின் துரைமார்களும் இருப்பார்கள். பழைய தொகுதிகள் சில இணையத்திலேயே கிடைக்கின்றன. ஜே. ஜே. காட்டன் என்ற அதிகாரி 1905-இல் மாகாணம் முழுவதும் இருந்த வெள்ளைக்காரர் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார். அதற்குப் பிந்தையவர்களுக்கு ஏற்காட்டுக் கல்லறைகளுக்கே போய்ப் பார்க்கலாம். ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போனால், பல்லாவரத்தில் கல்லாயுதம் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல்லையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வீடு வைத்திருந்தார். துரை எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை மலையில் இருந்தார் என்று தெரிந்துவிட்டால், உங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே இருந்த காலத்துக்கு ஒரு வரம்பு கிடைக்கிறது.

தோட்டத்துக் கணக்குகள் தனியார் சொத்து. தோட்டம் கை மாறும்போது நிறைய எரிந்துபோனது, கரையான் தின்றது. இருந்தாலும் இப்போதைய உரிமையாளரிடம் மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் தவறில்லை. கேட்கும்போது 'எங்கள் தாத்தா பேர் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். பழைய செக்ரோல் புத்தகம் ஏதாவது இருக்கிறதா, பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆள் பேர் போட்டு அன்றாடம் முழுநாள், அரைநாள் என்று கோடு கிழித்து வைக்கிற ஆஜர் நோட்டு அது. கணக்கப்பிள்ளையின் பேர் அதில் இருக்காது, எழுதினவரே அவர்தானே. ஆனால் அவர் கையெழுத்து பக்கம் பக்கமாக இருக்கும். பத்திரத்தில் படமெடுத்து வைத்தீர்களே, அதை இதோடு ஒட்டிப் பாருங்கள். 'க'வின் சுழி, 'ரூ' போடும் விதம், எண்களின் சாய்வு. ஒத்துப்போனால் உங்கள் புத்தகத்திலேயே மதிப்புள்ள பக்கம் அதுவாகத்தான் இருக்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழமெடுக்கும் காலத்தில் ஆள் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது, எந்த ஊர் மேஸ்திரி எத்தனை பேரைக் கூட்டிவந்தார் என்பதும் அதில் தெரியும். மேஸ்திரியின் ஊர் உங்கள் வீட்டில் பெண் எடுத்த ஊராக இருந்தால் அவர் மலைக்குப் போன வழியும் தெரிந்துவிட்டது.

குதிரைக்கு வருகிறேன். நடக்காதது என்று சொல்ல மாட்டேன். மோட்டார் ரோடு வருமுன் மலைமேல் மட்டக்குதிரை சகஜம், தோட்டம் விட்டுத் தோட்டம் போக அதுதான் வசதி. ஆனால் துரை குதிரை கொடுத்தார் என்பதற்கும், தோட்டத்துக் குதிரையில் போய்வர விட்டார் என்பதற்கும், ஊருக்குப் போகும் துரையிடம் விலைக்கு வாங்கினார் என்பதற்கும் நடுவே தூரம் அதிகம். மூன்று தலைமுறை வாய் மாறும்போது மூன்றும் ஒன்றாகிவிடும். இதற்காகக் கதையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். 'துரை குதிரை கொடுத்ததாக அத்தை சொல்வார். அவருக்குச் சொன்னது அவருடைய பாட்டி' என்று யார் வாய்வழி வந்தது என்பதோடு எழுதுங்கள். படிக்கிறவருக்குக் கதையும் கிடைக்கும், அதன் எடையும் தெரியும். என்னைக் கேட்டால் ஒரு குடும்பப் புத்தகத்தின் தரத்தை நான் இதை வைத்துத்தான் பார்ப்பேன்: எது பத்திரத்தில் இருந்தது, எது பாட்டி சொன்னது, எது எழுதியவரின் ஊகம் என்று பிரித்துக் காட்டியிருக்கிறாரா? பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே குரலில் எழுதிவிட்டால் அடுத்த தலைமுறையில் அத்தனையும் உண்மை ஆகிவிடும்.

அரசாங்கக் காகிதத்தை விட நம் ஊர்க் காகிதங்கள் சில நேரம் அதிகம் பேசும். மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போடுகிற நோட்டு இருக்கிறதே, அதைப் போல ஒரு ஆவணம் கிடையாது. குடும்பத் தலைவர் ஒவ்வொருவர் பேரும் வரிசையாக, கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று. ஒரு வருஷம் தகப்பன் பேரில் இருந்தது அடுத்த வருஷம் மகன் பேருக்கு மாறினால் நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தலைக்கட்டு இரண்டாகப் பிரிந்தால் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பேர் நாலைந்து வருஷம் காணாமல் போய்த் திரும்ப வந்தால் அவர் மலையிலோ சிலோனிலோ இருந்துவிட்டு வந்திருக்கலாம். இந்த நோட்டுகள் கோயில் பெட்டியிலோ, முன்னாள் தர்மகர்த்தா வீட்டுப் பரணிலோ கிடக்கும். எடுத்துப் பார்க்க விடுவார்களா என்பது நீங்கள் கேட்கும் விதத்தைப் பொறுத்தது. பழைய பாக்கியைக் கிளற வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மொய் நோட்டையும் விடாதீர்கள். ஒரு வீட்டில் 1930களின் கல்யாண மொய் நோட்டு ஒன்றைப் பார்த்தேன். ஊர் ஊராகப் பிரித்து எழுதியிருந்தார்கள். குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை என்று வந்துகொண்டே இருந்து திடீரென்று ஏற்காடு என்று ஒரு தலைப்பு, அதன்கீழ் சில பேர்கள், எட்டணா, ஒரு ரூபாய் என்று. அந்தக் குடும்பத்துக்கு மலையில் யாரையும் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பித்தளைக் குடத்தில் வெட்டியிருக்கும் பேரை நீங்கள் உங்கள் கொள்ளுத்தாத்தா பேர் என்று எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். சீராக வந்த பாத்திரத்தில் பெண்ணைப் பெற்றவர் பேரோ பெண்ணின் பேரோதான் அதிகம் இருக்கும். முதலெழுத்து உங்கள் வம்சத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீடு. பெண்களைப் பற்றி நமக்குக் கிடைப்பதே இப்படிப்பட்ட இடங்களில்தான். காகிதங்களில் அவர்கள் 'இன்னார் பாரியாள்' என்று முடிந்துபோவார்கள். முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, சொந்தப் பேரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் சொன்னதால் நாடு முழுக்கச் சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றால் பாருங்களேன். கொள்ளுப்பாட்டி விதவையாகச் சொத்தை விற்றிருந்தாலோ, மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாகக் கையெழுத்திட்டிருந்தாலோ பத்திரத்தில் அவர் பேர் முழுசாக வரும். 1918-இல் கணவர் இறந்தார் என்றால் அடுத்த சில வருஷப் பத்திரங்களைத்தான் முதலில் தேடுவேன்.

போட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டையின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் வரைந்தது போல இருந்து, கழுத்தில் மாலையும் கிடந்தால் அது இறந்த பிறகு உட்காரவைத்து எடுத்த படமாக இருக்கலாம். அந்த வழக்கம் இங்கே இருந்தது. அப்படியானால் படத்தின் தேதிதான் இறந்த தேதி. அட்டையிலிருந்து பிரிக்க முயலாதீர்கள்.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகலாமா என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. போகலாம், ஆனால் கடைசியில். சேலம் கலெக்டர் அலுவலகத்தின் பழைய ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் தறிக்காரரோ தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோ அவற்றில் வருவது அபூர்வம். வீட்டில் யாராவது போலீஸ், கர்ணம், பள்ளிக்கூட உத்தியோகத்தில் இருந்திருந்தால் கதை வேறு. பின்னணிக்கு வீட்டிலிருந்தபடியே லெ ஃபானு 1883-இல் எழுதிய சேலம் ஜில்லா மேனுவலையும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் எழுதிய கெசட்டியர் என்ற ஜில்லா விவரத் தொகுப்பையும் இணையத்தில் படித்துவிடலாம். மலைத் தோட்டங்கள், நெசவு, பஞ்சம் எல்லாம் விரிவாக உண்டு. அவற்றில் ஜாதிகளைப் பற்றி வரும் இடங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. வெள்ளைக்கார அதிகாரி, தாசில்தார் சொன்னதைக் கேட்டு எழுதியது. இன்னொன்று, அன்றைய சேலம் ஜில்லா வேறு. தர்மபுரி பிரிந்தது 1965-இல், நாமக்கல் 1997-இல். கொள்ளுப்பாட்டி ஊர் அந்தப் பக்கம் என்றால் பழைய காகிதத்தில் சேலம் ஜில்லா என்றே இருக்கும், இன்றைய காகிதம் வேறு ஊரில் இருக்கும். மேட்டூர் அணையில் மூழ்கிய ஊர் என்றால் இடம்பெயர்ந்தவர்கள் எங்கே குடியேறினார்கள் என்று கேட்டு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

பத்திரத்தில் எங்காவது 'ஓ.எஸ். நம்பர்' என்று வந்தால் துள்ளிக் குதியுங்கள். சிவில் வழக்கு நடந்திருக்கிறது. பாகப் பிரிவினை வழக்குகளில் வாதி தன் உரிமையைக் காட்ட வம்சாவளியையே வரைந்து கொடுத்திருப்பார். எதிர்த்தரப்பு அதை மறுத்திருக்கும், அந்த மறுப்பில்தான் சுவாரசியம். இரண்டாம் தாரம், சுவீகாரம், சொல்லாமல் விட்ட அண்ணன் எல்லாம் அங்கே வெளியே வரும்.

வெளியே வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். இறந்து எழுபது எண்பது வருஷமானவர்களின் கடன், வழக்கு, இரண்டாம் கல்யாணம் இவற்றை எழுதலாம் என்பது என் கட்சி. எழுதாவிட்டால் புத்தகம் கருமாதிப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்த இரண்டாம் தாரத்தின் பேரப்பிள்ளைகள் இன்று ஊரில் இருந்தால் அச்சுக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல நேரம் அவர்கள் வீட்டில் உங்களிடம் இல்லாத போட்டோ இருக்கும்.

அச்சைப் பற்றி. முதலில் பத்து பிரதி மட்டும் டிஜிட்டல் அச்சில் போடுங்கள், இரண்டு பக்கமும் நல்ல ஓரம் விட்டு. குலதெய்வம் கோயில் பொங்கலுக்கோ ஒரு கல்யாணத்துக்கோ பங்காளிகள் கூடும்போது கொண்டுபோங்கள். பெரியவர்கள் கண்ணாடி போட்டுப் படிக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் பேனாவோடு உட்கார வேண்டும். "அது அவரு இல்லப்பா, அவரு தம்பி" என்று ஒருவர் குறுக்கிடுவார், இன்னொருவர் அவரை மறுப்பார். இரண்டு பேர் சொன்னதையும் பேரும் தேதியும் போட்டு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தங்களோடு நூறோ இருநூறோ அடித்தால் போதும்.